தண்ணீர்மலை: பினாங்கில் பிறந்த ஒரு பெயர்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தாவின் பெயர் தண்ணீர்மலை. கோலாலம்பூர் செந்தூலில் நீங்கள் வளர்ந்த தெருவிலும் சரி, படித்த பள்ளியிலும் சரி, அந்தப் பெயரில் இன்னொருவரை நீங்கள் பார்த்ததில்லை. அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள், இன்னும் யாராவது வைக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். பிறக்கப்போகும் பையனுக்கு அதை வைக்க உங்களுக்கு ஆசை. உங்கள் மனைவிக்குப் பயம், “பள்ளிக்கூடத்தில் ‘தண்ணி’ என்றுதானே கூப்பிடுவார்கள்” என்கிறார். நியாயமான பயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பினாங்குக்காரன். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் காலையில் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தவன். பெயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு குழந்தைப் பெயர்த் தளத்தில் எடுத்த விளக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள். ‘அமைதியானவன், அறிவுள்ளவன்; திருநீர்மலை என்பதன் திரிபு’ என்று அதில் இருக்கிறது. அமைதி, அறிவு என்பதையெல்லாம் அவர்கள் எந்தப் பெயருக்கும் போடுவார்கள், அதை விடுங்கள். திருநீர்மலை என்பது மட்டும் வேறு ஊர், வேறு சாமி. அது சென்னையில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமாள் கோயில், திருமங்கையாழ்வார் பாடிய தலம். மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஆழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்று கதை சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் உங்கள் தாத்தாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் தாத்தாவின் மலை இங்கே, என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் இருக்கிறது.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஜாலான் கெபுன் பூங்கா வழியாகப் போனால் சாலை முடியும் இடத்தில் தாவரவியல் பூங்கா வரும். 1884-ல் ஏற்படுத்தியது. அந்தச் சாலைக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் வாட்டர்ஃபால் ரோடு. பூங்காவுக்குப் பின்னால் மலையிலிருந்து ஓர் அருவி விழுகிறது, ஆரம்ப காலத்தில் நகரத்துக்குக் குடிநீரே அங்கிருந்துதான் வந்தது. அந்த இடத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் தண்ணீர்மலை. புலவர் யாரையாவது கேட்டிருந்தால் ‘அருவிமலை’ என்றிருப்பார். பத்திரிகைக்காரரைக் கேட்டிருந்தால் ‘நீர்வீழ்ச்சிமலை’ என்று மொழிபெயர்த்திருப்பார். யாரும் யாரையும் கேட்கவில்லை. கப்பலில் வந்து இறங்கி மூட்டை தூக்கியவர்களும் ரோடு போட்டவர்களும் பார்த்தார்கள்: மலையிலிருந்து தண்ணீர் வருகிறது, ஆகவே தண்ணீர்மலை. எனக்கு இந்தப் பெயரில் பிடித்ததே அந்த எளிமைதான்.

அருவிக்கு அருகில் முதலில் ஒரு சின்ன முருகன் சந்நிதி இருந்தது. பிறகு அது பக்கத்துக் குன்றுக்கு ஏறியது. இன்று மேலே நிற்கும் பெரிய பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 2012-ல் குடமுழுக்கு நடந்தது, ஏறுவதற்கு 513 படிகள். அதே சாலையில் கீழே, நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்கள்) 1857-ல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. கோயில்கள் இரண்டு, நிர்வாகங்கள் இரண்டு. ஜனங்களுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தண்ணீர்மலை.

சரி, மலையின் பெயர் எப்படி மனிதன் பெயர் ஆனது? தமிழில் இது புதிதில்லை. அண்ணாமலை, ஏழுமலை, திருமலை, சென்னிமலை, சாமிமலை, தணிகைமலை என்று எத்தனை பேர் இருக்கிறார்கள். மலையின் பெயர் மலைமேல் இருப்பவனுக்கு ஆகி, அவன் வழியாகப் பிள்ளைக்கு ஆகிறது. இலக்கணப் புத்தகத்தில் இடவாகுபெயர் என்று படித்திருப்பீர்கள், அதுதான். ஏழுமலை என்ற ஆளைப் பார்த்து யாரும் மலைகளை எண்ணுவதில்லை, வேங்கடவனைத்தான் நினைக்கிறோம். அதே மாதிரி தண்ணீர்மலை என்றால் ‘தண்ணீர் உள்ள மலை’ என்பது சொல்லின் பொருள், ‘பினாங்குத் தண்ணீர்மலையில் நிற்கும் முருகன்’ என்பது பெயரின் பொருள். உங்கள் மனைவிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டாவதை.

ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற மலைகளெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில். அண்ணாமலையைத் தேவாரம் பாடியிருக்கிறது, தணிகையை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். தண்ணீர்மலைக்குத் திருப்புகழ் கிடையாது, தலபுராணம் கிடையாது, ஆறுபடை வீட்டுக் கணக்கிலும் அது இல்லை. ஆனால் அந்தக் கணக்கிலேயே ஒரு சன்னல் திறந்திருக்கிறது பாருங்கள். திருமுருகாற்றுப்படையில் பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி, ஏரகம், பழமுதிர்சோலை என்று ஊர் ஊராகச் சொன்ன நக்கீரர், நடுவில் ஒன்றுக்கு மட்டும் ஊர் சொல்லாமல் ‘குன்றுதோறாடல்’ என்று விட்டுவிட்டார். இன்று அதைத் திருத்தணி என்று கொள்கிறோம், அது பிற்கால வழக்கம். நக்கீரர் கணக்கில் குன்று இருந்தால் போதும், அங்கே அவன் இருப்பான். அதற்கும் முன்னால் தொல்காப்பியம் ‘சேயோன் மேய மைவரை உலகமும்’ என்று மலைநாடு முழுவதையும் அவன் பெயரில் எழுதி வைத்திருக்கிறது. கப்பலில் வந்த கூலியாட்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் மலையைக் கண்டதும் வேல் ஊன்றினார்கள். இது படித்து வருகிற விஷயம் இல்லை போலிருக்கிறது.

இந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தை வலுவாகப் பிடித்தவர்கள் நகரத்தார். அவர்கள் கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் ‘கொண்டு விற்கப் போவது’ என்பார்கள். பினாங்கில் வந்து கிட்டங்கியில், அதாவது தொழில் நடத்தும் பொதுக் கூடத்தில், தங்குவார்கள், பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாகி மேலாளாகி மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புவார்கள். வட்டித் தொழிலில் முருகன் அவர்களுக்குச் சாமி மட்டும் இல்லை, பேரேட்டில் கணக்கு உள்ள ஆள். லாபத்தில் மகமை என்று ஒரு பங்கு அவன் பேருக்கு எழுதப்படும். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருவில் இருக்கும் கோயில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் தண்ணீர்மலைக்குப் புறப்படுவார். அந்த ரதம் 1894-லிருந்து ஓடுகிறது. வழி நெடுக உடைகிற தேங்காயைப் பார்த்தால் பினாங்கில் சிதறுதேங்காய் என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று புரியும். சீனர்கள் நம்மைவிட அதிகமாக உடைப்பார்கள். (2017-லிருந்து மலைமேல் கோயிலுக்கென்று தங்க ரதம் ஒன்றும் ஓடுகிறது. எந்த ரதம் முதலில் போக வேண்டும் என்று இங்கே காப்பிக் கடையில் கேட்டுவிடாதீர்கள், பொழுது போய்விடும்.)

இப்படிப் பினாங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஊரில் பிள்ளை பிறந்தது என்று கடிதம் வரும். தண்ணீர்மலையானிடம் வேண்டிக்கொண்ட பிள்ளை, அவன் பெயரே இருக்கட்டும். இப்படித்தான் பினாங்கில் பிறந்த ஒரு பெயர் கப்பலேறிக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வழக்கமாகப் பெயர்கள் அங்கிருந்து இங்கே வரும். இது எதிர்த்திசையில் போனது. அப்புறம் அங்கே அது நிலைத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நகரத்தார் வீட்டில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரைத்தான் வைப்பார்கள். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’, பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். பினாங்கைக் கண்ணால் பார்க்காத தண்ணீர்மலைகள் செட்டிநாட்டில் இருப்பது அதனால்தான்.

‘நாங்கள் செட்டியார் இல்லையே’ என்று எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா கெடாவில் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்) என்றும் சொல்லியிருந்தீர்கள், எனக்கு அந்த ஒரு வரி போதும். கெடாவிலும் செபராங் பிறையிலும் தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு வருஷத்தில் ஒரு பெரிய பயணம் உண்டென்றால் அது தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை. பினாங்குத் தீவுக்குப் பாலம் வந்தது 1985-ல்தான். அதற்கு முன் பட்டர்வொர்த் வரைக்கும் லாரியிலோ ரயிலிலோ வந்து, ஃபெரி ஏறி, அங்கிருந்து நடை. பால்குடமோ காவடியோ எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டுதல் பிள்ளைதான். பிள்ளை இல்லை, அல்லது பிறந்து பிறந்து தங்கவில்லை. தோட்டத்தில் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலம் அது. பிள்ளை தங்க வேண்டும் என்று பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயர் வைத்தார்கள், எமனே வேண்டாம் என்று விட்டுவிடட்டும் என்று. இன்னும் சிலர் நேரே யாரிடம் வேண்டினார்களோ அவர் பெயரை வைத்தார்கள். பழனி, அடைக்கலம், தண்ணீர்மலை எல்லாம் அந்த வகை. ஒரு விதத்தில் இது ரசீது: வாங்கிக்கொண்டேன், உன் பெயரை எழுதிவிட்டேன்.

கோலாலம்பூர்க்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெயர் பிறந்திருக்கிறது, பத்துமலை. 1890-களின் தொடக்கத்திலிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது, அதன் பிறகு பிறந்த பிள்ளைகளில் பத்துமலை என்று பெயர் உள்ளவர்கள் உண்டு. மலாயில் ‘பத்து’ என்றால் கல். நாம் அதைத் தமிழ்ப் பத்தாக்கி, பத்தாவது மலை என்று விளக்கமும் சொல்லிக்கொண்டோம். தண்ணீர்மலைக்கு அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு பாதியும் தமிழ்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பினாங்கின் பெரிய மலை புக்கிட் பெண்டேரா. கொடிமரம் நட்ட மலை என்பதால் நாம் அதைக் கொடிமலை என்கிறோம். காதுக்கு எவ்வளவு அழகான பெயர்! ஆனால் கொடிமலை என்று ஒரு பிள்ளையையும் நான் வகுப்பில் கூப்பிட்டதில்லை. அங்கே ரயிலேறிக் காற்று வாங்கப் போனார்கள், தண்ணீர்மலைக்கு அழுதுகொண்டு போனார்கள். பெயர் அழுத இடத்திலிருந்துதான் வந்தது.

‘தண்ணீர்’ என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். தண்மை சேர்ந்த நீர், தண் என்பதும் நீர் என்பதும் சேர்ந்து தண்ணீர். ஆக அதன் பழைய பொருள் குளிர்ந்த நீர், அதற்கு எதிர் வெந்நீர். நாம் இப்போது ‘சுடுதண்ணி’ என்று சொல்லி, சுடுகிற குளிர்நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறோம். மலையில் விழும் தண்ணீரில்தான் அந்தச் சொல் இன்னும் தன் பொருளோடு இருக்கிறது. கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பேச்சில் அது தண்ணி, தண்ணிமலை. பழைய ஆட்கள் கோயிலையே அப்படித்தான் சொல்வார்கள். ‘தண்ணி போடுவது’ என்ற வழக்கு வந்து சொல்லின் மானத்தை வாங்கிவிட்டது, உங்கள் மனைவி பயப்படுவது அதற்குத்தான். பொய் சொல்ல மாட்டேன், கேலி செய்வார்கள். முப்பது வருஷத்தில் இந்தப் பெயரோடு எனக்குக் கிடைத்த மாணவன் ஒருவன்தான். மூன்றாம் ஆண்டில் வந்து சேர்ந்த அன்றே ‘டேய் தண்ணி’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் அதட்டினேன், அதட்டினால் கேலி கூடும் என்பது ஆசிரியருக்குத் தெரியும், ஆனாலும் அதட்டினேன். அவன் பாட்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாள் வந்து வகுப்பில் சொன்னான்: “ஆமாடா, தண்ணிதான். ஒங்க வீட்டு பைப்புல வர்றதும் எங்க மலைத் தண்ணிதான், குடிக்காத.” அதன் பிறகு அவனை ‘மலை’ என்று கூப்பிட்டார்கள். ஆறாம் ஆண்டு முடிக்கிற வரைக்கும் அதே பெயர். ஆளும் கொஞ்சம் மலை மாதிரிதான் இருப்பான்.

எவ்வளவு பேர் வைக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நான் பார்த்த வரையில் இப்போது அநேகமாக யாரும் இல்லை. என் வருகைப் பதிவேட்டில் அது பிள்ளை பெயராக வந்ததைவிட அப்பா பெயராக வந்தது அதிகம், பிறகு அதுவும் குறைந்தது. 1924-லிருந்து 2019 வரை வந்த தமிழ் நேசன் மாதிரிப் பத்திரிகைகளில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அங்கே சில வேளை அந்தப் பெயரைச் சந்திப்பேன். பாலர் பள்ளியில் சந்தித்ததில்லை. இன்றைக்குப் பெயர் என்றால் ஜோசியர் எழுத்துக் கொடுக்க வேண்டும், எண் கணிதம் கூடி வர வேண்டும், ‘ஷ்’ என்று முடிய வேண்டும். ஒரு வகுப்பில் நான்கு ‘ஷ்’ வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நட்சத்திர எழுத்துதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், சுவாதி நான்காம் பாதத்துக்குத் ‘த’ வரும். மற்ற நட்சத்திரத்தில் பிறந்தால் தாத்தா பெயர் என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் ஜோசியரும் வாதாட மாட்டார்.

பெயர் அழிவதற்கு நாகரிகம் மட்டும் காரணமில்லை, நம் ஐசியும் (அடையாள அட்டை) ஒரு காரணம். உங்கள் அப்பாவின் ஐசியில் அவர் பெயர், ஆனாக் லெலாக்கி (மகன்), தண்ணீர்மலை என்று இருக்கும். உங்கள் ஐசியில் அப்பா பெயரோடு நின்றுவிடும். பையனுடையதில் உங்கள் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று வைத்துக்கொள்ளாத நமக்கு இரண்டே தலைமுறையில் தாத்தா காகிதத்திலிருந்து காணாமல் போகிறார். இதைச் சமாளிக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் பேரனுக்குப் பெயரிடுவது. கணக்குப்படி அது உங்களுக்கு வந்திருக்க வேண்டிய பெயர், ஒரு தலைமுறை தாமதம். உங்கள் அப்பாவைக் குற்றம் சொல்லாதீர்கள். அப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு அவனை அதட்டுவது கஷ்டம். மாமனார் பெயரை உங்கள் அம்மா வாயால் சொல்லிக் கூப்பிடுவது அதைவிடக் கஷ்டம். பழைய வீடுகளில் தாத்தா பெயருள்ள பையனைத் ‘தம்பி’, ‘சின்னவன்’ என்றே வளர்த்தார்கள்.

வைப்பதென்று முடிவு செய்தால் எழுத்தில் கவனம். தோட்டத்துக் கிராணியும் பதிவு இலாகாக் குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில் இந்தப் பெயருக்கு ஐந்தாறு வடிவம் வந்துவிட்டது. சிலருக்குத் ‘தன்னிமலை’, சிலருக்கு நடுவில் இடம் விட்டு இரண்டு சொல். இரண்டாகப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ரோமன் எழுத்தில் டி-க்குப் பின்னால் எச் போடாமல் விட்டால் முதல் மூன்று எழுத்தும் சீனர்களின் ‘டான்’ ஆகிவிடும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது “மிஸ்டர் டான்! மிஸ்டர் டான்!” என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் யாரோ சீனரைக் கூப்பிடுகிறார்கள் என்று அரை மணி நேரம் பேப்பர் படித்திருக்கிறார். டி, எச், ஏ, இரண்டு என், ஐ, ஆர், அப்புறம் மலை, சேர்த்து ஒரே சொல். தமிழில் எழுதும்போது ‘ர்’ விடாதீர்கள், இடையில் ஒற்றும் வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், தனியாகவே வையுங்கள் என்பேன். இப்போது பலர் செய்வதுபோல் முன்னால் ஒரு புதுப்பெயரைச் சேர்த்து இரட்டைப் பெயராக வைத்தால் பள்ளியில் முதல் பாதியைத்தான் கூப்பிடுவார்கள், பின்பாதி ஐசியில் தூங்கும். ஆனால் உங்கள் மனைவி அந்தச் சமாதானத்துக்கு வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து மாதம் சுமப்பவர் அவர். பிறந்த பிறகு பதிவுக்கு 60 நாள் இருக்கிறது, அதற்குள் பேசி முடிக்கலாம்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தாவின் தங்கை அலோர்ஸ்டாரில் இருக்கிறார், எண்பத்தைந்து வயது என்று எழுதியிருந்தீர்கள். அவரைப் போய்ப் பாருங்கள், ஃபோனில் வேண்டாம். தாத்தாவுக்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்து தவறிய பிள்ளைகள் உண்டா, அவர்கள் அம்மா எந்த வருஷம் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார், முடி இறக்கியது அங்கேதானா என்று கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.